பணம் போயிற்று, டிக்கெட் வரவில்லை! இயந்திரங்கள் பேசிக்கொள்ளும் விதம்

சரோஜினி நகர் சந்தையில் காலை 11 மணிக்குக் கடைக்காரர்கள் அப்போதுதான் துணிகளைக் கொக்கிகளில் மாட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் ஒரு தமிழர் ஓரமாக நின்று கைப்பேசியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், அவர் துணி வாங்க வந்தவர் அல்ல, ஊருக்கு டிக்கெட் எடுக்கிறவர் என்று தயங்காமல் சொல்லிவிடலாம். ஸ்லீப்பர் வகுப்புக்குத் தட்கல் திறக்கும் நேரம் அது. குளிர்சாதன வகுப்புக்கு 10 மணிக்கே திறந்துவிடும்.

ஓட்டல் சமையற்கட்டில் வேலை பார்க்கும் விழுப்புரத்துக்காரர் ஒருவர், மறுநாள் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் மனைவி மக்களோடு புறப்பட நாலு டிக்கெட் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர், வயது எல்லாம் கொடுத்தாயிற்று. பணம் கட்டும் இடத்தில் ரகசிய எண்ணையும் அமுக்கியாயிற்று. திரையில் வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதற்குள் பாங்கிலிருந்து குறுஞ்செய்தி வந்துவிட்டது, பணம் எடுக்கப்பட்டதென்று. டிக்கெட்டை மட்டும் காணோம்.

பக்கத்தில் நிற்பவர் ஓர் அரசாங்க ஆபீஸ் குமாஸ்தா.

"சார், பணத்தை எடுத்துட்டான், டிக்கெட்டைக் காணோமே சார். மறுபடியும் ஒரு தடவை அமுக்கிடட்டுமா?"

"கொஞ்சம் பொறுங்க அண்ணே. கையை எடுங்க முதல்லே. எதையும் அமுக்காதீங்க."

குமாஸ்தா சொன்னது சரிதான். ஏன் சரி என்று புரியவேண்டுமானால், அந்த வட்டம் சுற்றிய சில விநாடிகளில் எத்தனை பேர் எத்தனை பேரோடு பேசினார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். பேசியவர்கள் மனிதர்கள் அல்ல. கம்ப்யூட்டர்களில் ஓடும் நிரல்கள். கையிலுள்ள ரயில்வே செயலி ஒன்று. ஐ.ஆர்.சி.டி.சி.யின் கம்ப்யூட்டர் ஒன்று. இடங்களின் கணக்கை வைத்திருக்கும் ரயில்வேயின் முன்பதிவு கம்ப்யூட்டர் வேறொன்று. பணம் கட்டும் செயலி, ஐ.ஆர்.சி.டி.சி.யின் பணத்தை வாங்கிக்கொள்ளும் பாங்கு, விழுப்புரத்துக்காரர் கணக்கு வைத்திருக்கும் பாங்கு, இரண்டு பாங்குகளுக்கும் நடுவில் நிற்கும் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம். ஒவ்வொன்றுக்கும் முதலாளி வேறு. எழுதிய ஆட்கள் வேறு, எழுதிய கம்ப்யூட்டர் மொழியும் பெரும்பாலும் வேறு. ஒருவர் வீட்டுக்குள் இன்னொருவர் கால் வைக்க அனுமதி இல்லை. ஆனாலும் பேச்சு நடக்கிறது.

ஜன்னலும் படிவமும்

எப்படி நடக்கிறது என்பதற்கு ரயில் நிலையத்து முன்பதிவு ஜன்னலைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஜன்னலுக்கு வெளியே நிற்பவர் ஒரு படிவத்தை நிரப்பி நீட்டுகிறார். வண்டி எண், பயணத் தேதி, வகுப்பு, எங்கிருந்து, எதுவரை, பெயர், ஆணா பெண்ணா, வயது. உள்ளே இருப்பவர் அதைப் பார்த்து டிக்கெட் கொடுக்கிறார், அல்லது இடமில்லை என்கிறார், அல்லது "வயசு எழுதலையே" என்று படிவத்தைத் திருப்பித் தள்ளுகிறார். உள்ளே பெரிய பேரேடு இருக்கிறதா, கம்ப்யூட்டர் இருக்கிறதா என்பது வெளியே நிற்பவருக்குத் தெரியவேண்டியதில்லை. படிவம் சரியாக இருந்தால் போதும். அந்த ஜன்னலில் போய் சர்க்கரை என்ன விலை என்று கேட்டால் பதில் கிடைக்காது.

செயலிகளுக்கு இடையிலும் இப்படி ஒரு ஜன்னல் உண்டு. இன்னின்ன கேட்கலாம், கேட்கும்போது இன்னின்ன கட்டங்களை நிரப்பவேண்டும், பதில் இந்த மாதிரி வரும் என்று முன்கூட்டியே எழுதி வைத்த ஒப்பந்தம். அப்ளிகேஷன் புரோகிராமிங் இன்டர்ஃபேஸ் என்று நீட்டி முழக்குவார்கள், சுருக்கமாக ஏ.பி.ஐ. படித்தவர்கள் இந்த மூன்று எழுத்தைச் சொல்லிப் பயமுறுத்தினால் பயப்பட வேண்டாம். ஜன்னலும் படிவமும்தான்.

இதில் பெரிய சௌகரியம் ஒன்று உண்டு. புதுடெல்லியில் 1985-ல் முன்பதிவுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது ஜன்னலுக்கு உள்ளே எல்லாமே மாறிப்போயிற்று. பேரேடுகள் போய் டெர்மினல்கள் வந்தன. ஆனால் வெளியே நின்றவர் நிரப்பிய விவரங்கள் அதே வண்டி, அதே தேதி, அதே பெயர், வயதுதான். உள்ளே என்ன மாற்றினாலும் ஜன்னல் மாறாதவரை வெளியே இருப்பவருக்குத் தொந்தரவு இல்லை. ஒரு பாங்கு தன் கம்ப்யூட்டர்களை அடியோடு மாற்றினாலும் மற்ற பாங்குகளோடு அதன் பேச்சு நின்றுவிடாமல் இருப்பது இதனால்தான்.

டெல்லி கேட்கும், சென்னை சொல்லும்

டெல்லித் தமிழர்களில் வயதானவர்களுக்குத் தந்தி முன்பதிவு நினைவிருக்கும். ஊருக்குப் போக இங்கே இடம் வாங்கிவிடலாம்; திரும்பி வர? சென்னையிலிருந்து புறப்படும் வண்டியின் பேரேடு சென்னையில் இருந்தது. டெல்லி ஜன்னலில் இருப்பவர் அதைத் திறந்து பார்க்க முடியாது. ஆகவே அங்கே தந்தி போகும்: இந்த வண்டி, இந்தத் தேதி, இந்த வகுப்பு, இத்தனை பேர். அங்கிருந்து பதில் வரும். சில சமயம் வராது. பதில் வராவிட்டால் இடம் இல்லை என்று அர்த்தமா, அல்லது இடம் எழுதிவிட்டார்கள், செய்திதான் வந்து சேரவில்லையா? தெரியாது. சென்னை சென்ட்ரலில் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

டெல்லிக்குப் பின் 1980-களின் பிற்பகுதியில் பம்பாய், கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஊர்களுக்கும் முன்பதிவுக் கம்ப்யூட்டர் வந்தது. ஆனால் ஒவ்வொன்றும் தன் வண்டிகளின் கணக்கைத் தானே வைத்துக்கொண்டிருந்தது. ரயில்வேக்காக 1986-ல் தொடங்கப்பட்ட 'கிரிஸ்' என்ற தகவல் அமைப்பு மையம், 'கான்சர்ட்' என்று பெயரிட்ட ஏற்பாட்டின் மூலம் இந்த ஐந்தையும் 1999-ல் ஒன்றோடொன்று பேச வைத்தது. அதன் பிறகு எந்த ஊர் ஜன்னலில் நின்றும் எந்த ஊர் வண்டிக்கும் டிக்கெட் வாங்கலாம் என்று ஆயிற்று. 2002 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. இன்டர்நெட் வழியாகவும் டிக்கெட் விற்கத் தொடங்கியது. ஐந்து கணக்குகளையும் ஒன்றாகக் கொட்டி ஒரே பேரேடு ஆக்கிவிடவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். ஐந்தும் ஐந்தாகவே இருந்தன. ஒன்றையொன்று கேட்டுக்கொள்ள வழி செய்தார்கள், அவ்வளவே.

இதற்கு அத்தாட்சி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. டிக்கெட்டில் உள்ள பத்து இலக்க பி.என்.ஆர். எண்ணின் முதல் இலக்கத்தைப் பாருங்கள். டெல்லி மையத்தின் கணக்கில் உள்ள வண்டியானால் பெரும்பாலும் 2 அல்லது 3. சென்னை மையத்தின் வண்டியானால் 4 அல்லது 5. சரோஜினி நகரில் உட்கார்ந்துகொண்டு, சென்னையிலிருந்து திரும்பி வரும் வண்டிக்கு டிக்கெட் எடுத்தாலும் எண் 4-ல் தொடங்குகிறதென்றால், அந்த எண்ணைக் கொடுத்தது டெல்லி அல்ல. டெல்லி கேட்டது, சென்னை சொன்னது. தந்தி செய்த அதே வேலை.

தந்தி போய்விட்டது. 2013 ஜூலையோடு இந்தியாவில் தந்திச் சேவையே நிறுத்தப்பட்டது. ஆனால் தந்தியின் சுபாவம் போகவில்லை.

செய்தியில் என்ன இருக்கும்?

இயந்திரங்கள் அனுப்பிக்கொள்ளும் செய்தியைப் பிரித்துப் பார்த்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும். மாயமந்திரம் ஒன்றும் இல்லை. "வண்டி: 12622. தேதி: இன்னது. வகுப்பு: எஸ்.எல். பயணிகள்: 4" என்பது போலக் கட்டத்தின் பெயரும் அதற்கு நேரே விவரமுமாக, எழுத்திலேயே இருக்கும். எழுதும் முறையில் இரண்டு பிரபலம்: எக்ஸ்.எம்.எல். என்று ஒன்று, ஜேசான் என்று ஒன்று. கையெழுத்தும் அச்செழுத்தும் போல, விஷயம் ஒன்றே.

பதிலிலும் முறை உண்டு. இன்டர்நெட்டில் பதிலின் தலையில் மூன்று இலக்க எண் ஒன்று வரும். 200 என்றால் நல்லபடி ஆயிற்று. 4-ல் தொடங்கினால் கேட்டவர் பக்கம் தவறு. படிவம் சரியில்லை, அல்லது இல்லாத ஒன்றைக் கேட்டிருக்கிறார். பலரும் திரையில் பார்த்திருக்கும் 404 இந்த ரகம். 5-ல் தொடங்கினால் பதில் சொல்ல வேண்டியவர் வீட்டில் கோளாறு. பணப்பட்டுவாடாவில் வேறு குறிகள்: இசட்.எம். என்றால் ரகசிய எண் தவறு, இசட்9 என்றால் கணக்கில் போதுமான பணம் இல்லை. "ஏதோ எர்ரர் வந்தது" என்று சொல்வதைவிட அந்தக் குறியைப் படித்து வைத்துக்கொள்வது மேல். யார் பக்கம் தவறு என்பது அதிலேயே இருக்கும்.

கேட்பவர் யார் என்பதும் முக்கியம். கண்டவர் வந்து கேட்டால் ஜன்னல் திறக்காது. ஆபீஸ் வாசலில் காட்டும் அடையாள அட்டை மாதிரி, ஒரு செயலி இன்னொன்றிடம் பேச ரகசியச் சாவி ஒன்றைக் காட்டவேண்டும். அட்டை இருந்தாலும் எல்லா அறைக்கும் போக முடியாது. 2025 ஜூலை முதல் இன்டர்நெட்டில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்று ரயில்வே விதித்திருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளலாம். கைப்பேசிக்கு வந்த எண்ணை அடித்ததும் அது ஆதார் ஆணையத்தின் கம்ப்யூட்டருக்குப் போகிறது. இந்த மாதிரிச் சரிபார்ப்புக்கு அங்கிருந்து வரும் விடை 'ஆம்' அல்லது 'இல்லை' என்பதுதான். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். மற்றபடி பீரோ பூட்டியே இருக்கும்.

ரூபாய் போகும் வழி

பணம் போகும் வழியில்தான் கைகள் அதிகம். யு.பி.ஐ. என்ற ஏற்பாட்டை 2016 ஏப்ரல் 11 அன்று மும்பையில் அப்போதைய ரிசர்வ் பாங்கு கவர்னர் ரகுராம் ராஜன் தொடங்கி வைத்தார். 2025 மே மாதத்தில் மட்டும் இதன் வழியே 1,800 கோடிக்கும் அதிகமான பட்டுவாடாக்கள் நடந்திருக்கின்றன. சரோஜினி நகர் நடைபாதையில் கைக்குட்டை விற்பவர்கூட கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட அட்டையை மாட்டி வைத்திருக்கிறார் என்றால் அது இதன் புண்ணியம்.

கைப்பேசியில் உள்ள பணச் செயலி பெரும்பாலும் பாங்கு அல்ல. அது ஏதாவதொரு பாங்கின் தோளில் ஏறிக்கொண்டு பேசுகிறது. "இன்னார் இன்னாருக்கு இவ்வளவு தர வேண்டும்" என்ற செய்தி அந்த பாங்கு வழியாகப் பணப்பட்டுவாடாக் கழகத்துக்குப் போகிறது. கழகம், பணம் கொடுப்பவரின் பாங்கைக் கேட்கிறது: ரகசிய எண் சரியா, பணம் இருக்கிறதா, கழித்துக்கொள். கழித்தாயிற்று என்ற பதில் வந்ததும் வாங்குபவரின் பாங்குக்குச் செய்தி: வரவு வை. வரவு வைத்தாயிற்று என்ற பதில் வந்ததும், வந்த வழியே திரும்பி, கைப்பேசியில் பச்சை அடையாளம். ரகசிய எண்ணை அடிக்கும் திரை கழகத்தினுடையது. அடித்த எண் கைப்பேசியிலேயே பூட்டப்பட்டு பாங்குக்குப் போகிறது. நடுவில் இருக்கும் செயலிக்கு அது தெரியாது. ஆகவே "கஸ்டமர் கேர்" என்று போன் செய்து அந்த எண்ணைக் கேட்பவன் எவனும் திருடனே. பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை என்பதையும் சேர்த்து நினைவில் வைக்கவேண்டும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லவேண்டும்.

இத்தனை கைகள் மாறும் இடத்தில் ஒரு கண்ணி அறுந்தால்? பணத்தைக் கழித்தாயிற்று, ஆனால் கழித்தேன் என்ற பதில் வழியில் தொலைந்தது. வரவு வைத்தாயிற்று, ஆனால் வைத்தேன் என்பது வந்து சேரவில்லை. கேட்டவருக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்: மௌனம். 'இல்லை' என்பது ஒரு பதில். மௌனம் பதிலே அல்ல. விஷயம் முழுவதும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. இதைத் தெரிந்துகொள்ளாமல் அமுக்கி, இரண்டு தடவை பணம் கட்டியவர்கள் ஏராளம்.

இயந்திரங்களை எழுதுகிறவர்கள் இதற்கு ஒரு யுக்தி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண். பதில் வராவிட்டால் அதே எண்ணோடு, "முன்னே கேட்டேனே, அது என்ன ஆயிற்று?" என்று கேட்பார்கள். எதிர்ப்பக்கம் தன் குறிப்பைப் பார்த்து, இந்த எண்ணுக்கு ஏற்கெனவே செய்தாயிற்று என்று சொல்லும்; இரண்டாவது முறை செய்யாது. ஆனால் மனிதர் பொறுமையிழந்து முதலிலிருந்து ஆரம்பித்தால் புது எண் பிறக்கிறது. எதிர்ப்பக்கத்துக்கு அது புதுக் கோரிக்கை. அது மறுபடியும் பணத்தைக் கழித்தால் அதன்மேல் குற்றம் சொல்ல முடியாது. குமாஸ்தா "கையை எடுங்க" என்றது இதனால்தான்.

கேட்டே மூச்சுத் திணறிய நாள்

பொறுமையிழப்பது மனிதர்கள் மட்டும் அல்ல. யு.பி.ஐ. தொடங்கி ஒன்பது ஆண்டும் ஒரு நாளும் ஆனபோது, 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை, நாடெங்கும் அது பல மணி நேரம் தடுமாறியது. டீக்கடை முதல் பெட்ரோல் பங்க் வரை அட்டையைக் காட்டி நின்றவர்கள் பையைத் துழாவ வேண்டியதாயிற்று. அதற்கு முன் மார்ச் 26 அன்றும் இப்படி நேர்ந்தது.

ஏப்ரல் 12-க்குக் காரணம் என்ன என்று கழகம் ஆராய்ந்தபோது தெரியவந்தது வேடிக்கையானது. கம்ப்யூட்டர் தீப்பிடிக்கவில்லை, கள்ளன் எவனும் புகவில்லை. "முன்னே கேட்டேனே, அது என்ன ஆயிற்று?" என்ற கேள்வி இருக்கிறதே, அதைச் சில பாங்குகளின் நிரல்கள் திரும்பத் திரும்ப, பழைய பட்டுவாடாக்களுக்குக்கூடக் கேட்டுக்கொண்டே இருந்தன. கேள்வி வெள்ளமாக வந்து, உண்மையான பட்டுவாடாவுக்கு வழியில்லாமல் செய்துவிட்டது.

வண்டி தாமதமாகும் நாளில் விசாரணை ஜன்னலைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அரை நிமிஷத்துக்கு ஒருவர் "ஜி.டி. எப்போது வரும்?" என்று கேட்டால், உள்ளே இருப்பவர் பதில் சொல்லிக்கொண்டே இருப்பாரே தவிர, வண்டி எங்கே வருகிறது என்று விசாரிக்க அவருக்கு நேரம் இருக்காது.

அதன் பிறகு வரம்பு விதித்தார்கள். கேட்பதற்கு முன் சிறிது நேரம் பொறுக்கவேண்டும். ஒரே பட்டுவாடாவைப் பற்றி இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று தடவை கேட்டால் போதும் என்று பாங்குகளுக்குச் சொல்லப்பட்டது. 2025 ஆகஸ்ட் 1 முதல் பொதுமக்களுக்கும் ஒரு வரம்பு வந்தது: ஒரு செயலியில் ஒரு நாளைக்கு 50 முறைக்கு மேல் கணக்கில் மீதம் எவ்வளவு என்று பார்க்க முடியாது. ஐம்பது தடவை பார்ப்பவர் யார் என்று கேட்கலாம். மாதக் கடைசியில் சில பேர் பார்ப்பார்கள்.

முருகனும் எஸ். முருகனும்

பதில் வராமல் போவது ஒரு வகை. பதில் வந்தும் புரியாமல் போவது இன்னொரு வகை. டெல்லியில் தமிழர்களுக்கு இதில்தான் தனியாக ஓர் அவஸ்தை.

படிவம் அச்சடித்தவர்கள் எல்லோருக்கும் குடும்பப் பெயர் ஒன்று உண்டு என்று நினைத்துக்கொண்டார்கள். முதல் பெயர், கடைசிப் பெயர். நம்மவருக்கு இருப்பதோ தன் பெயரும் தகப்பனார் பெயரின் முதல் எழுத்தும். ஒரு முருகன் பள்ளிச் சான்றிதழில் எஸ். முருகன்; ஆதாரில் முருகன் எஸ்; பான் அட்டைக்கு முதல் பெயரிலும் கடைசிப் பெயரிலும் இனிஷியல் ஆகாது என்பதால் அங்கே முருகன் சுப்பிரமணியன். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு மூன்றும் ஒரே ஆள் என்று தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அது எழுத்தை எழுத்தோடு ஒப்பிடும். ஒன்றாவது பிசகினால் 'இல்லை' என்று சொல்லிவிடும். கோபமாகச் சொல்வதில்லை. ஆனால் மாற்றிக்கொள்ளவும் செய்யாது.

டிக்கெட்டோடு இது போவதில்லை. வருங்கால வைப்பு நிதி அலுவலகக் கம்ப்யூட்டர், தன்னிடமுள்ள பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு பொருந்துகிறதா என்று பார்க்கும். கம்பெனிக்காரர் இந்தியில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிய பெயர் ஒன்றாகவும், ஊரில் எடுத்த ஆதாரில் உள்ளது வேறாகவும் இருந்தால், பத்து வருஷம் பிடித்த பணம் ஒரு புள்ளிக்காகக் காத்துக் கிடக்கும். எல்லாக் காகிதத்தையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. எல்லோரும் வந்து கேட்கிற ஜன்னல் ஆதார். ஆகையால் முதலில் அதில் உள்ள பெயரைத் தனக்கு வேண்டியபடி தீர்மானித்துக்கொண்டு, மற்றதை அதற்கு இணங்கத் திருத்துவது அலைச்சலைக் குறைக்கும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர் முதல் நாளே ஆதாரைக் கையில் வைத்துக்கொண்டு, எழுத்துக்கு எழுத்து பார்த்துப் பெயர் கொடுத்துவிட்டால் மிகவும் நல்லது.

மறுபடியும் சந்தையில்

விழுப்புரத்துக்காரரை வட்டத்தோடு விட்டுவிட்டு வந்தோம்.

இப்போது அவர் முன் இருக்கும் கேள்வி எந்தக் கண்ணி அறுந்தது என்பதே. பணச் செயலியில் அந்தப் பட்டுவாடாவைத் தொட்டால் பன்னிரண்டு இலக்க எண் ஒன்று தெரியும். அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். யாரிடம் முறையிட்டாலும் முதலில் கேட்பது அதைத்தான். அங்கே 'நிலுவையில்' என்று இருக்கிறதா, 'முடிந்தது' என்று இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

பணம் கழிந்து, அந்தச் செய்தி விற்பவருக்குப் போய்ச் சேரவில்லை என்றால், 2019 செப்டம்பரில் ரிசர்வ் பாங்கு போட்ட உத்தரவு இருக்கிறது. பட்டுவாடா நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும்; அதற்கு மேல் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு, கேட்காமலே கொடுக்கவேண்டும். கடைக்காரருக்கு அல்லாமல் ஊரில் இருக்கும் தம்பிக்கு அனுப்பி, அது அவர் கணக்கில் சேராமல் நின்றிருந்தால் மறுநாளே திரும்ப வேண்டும். பாங்கிடம் எழுத்தில் முறையிட்டு 30 நாள் ஆகியும் பதில் இல்லை என்றால் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. இந்த உத்தரவைப் பற்றி எத்தனை பேருக்குத் தெரியும் என்பது சந்தேகமே. பணம் வந்தால் சரி என்று விட்டுவிடுகிறவர்களே அதிகம்.

பணம் ரயில்வே பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது, இடம்தான் கிடைக்கவில்லை என்றால் அது வேறு விவகாரம். அப்போது பணத்தைத் திருப்ப வேண்டியவர் விற்பவர். வந்த கணக்குக்கே அது திரும்பும்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் பார்க்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. செயலியில் 'என் முன்பதிவுகள்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. குமாஸ்தா அதைத்தான் திறக்கச் சொன்னார்.

"இங்கே பாருங்க அண்ணே, நாலு பேர் பேரும் இருக்கு."

"அப்போ டிக்கெட் கிடைச்சுடுச்சா சார்?"

"அங்கே எப்பவோ போட்டுட்டான். உங்க போனுக்குச் சொல்ல வர்ற வழியிலேதான் நின்னுபோச்சு."

பி.என்.ஆர். எண் 2-ல் தொடங்கியது.